நேற்றுப் போலவே

பகல் பதினோரு மணிக்குப் பெரியவர் அந்த மனநல மருத்துவமனைக்குள் நுழைந்தார். வார்டு உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு வருடமாக அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். நாலு தடவை போன் வந்தபின், வேறு வழியில்லாமல் வந்திருந்தார்.

பழைய வார்டு இப்போது ஆராய்ச்சிப் பிரிவாம். இரும்புக் கட்டில்கள் போய்க் கம்ப்யூட்டர்கள் வந்திருந்தன. புதிய பெயின்டையும் மீறிப் பினாயில் வாடை மட்டும் போகவில்லை. பன்னிரண்டு அறைகள். கதவுகளில் தாழ்ப்பாள் இன்னும் வெளிப்பக்கமே இருந்தது.

ஒன்பதாம் அறையில் ஆராய்ச்சிப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“ஐயா, நோயாளிங்க பேரையெல்லாம் எடுத்துட்டு, நம்பரை மட்டும் வெச்சு அவங்க தூக்கத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்றோம். இந்த ஒன்பதாம் அறை நோயாளி இறந்து எட்டு வருஷமாச்சு. ஆனா தினமும் காலையில ஆறு மணிக்கு ‘நன்றாகத் தூங்கினார்’னு ஒரு வரி ஏறுது. உங்க பேர்ல.”

“என் பேர்லயா? ஏம்மா, ரிட்டயர் ஆனப்போ என் கட்டைவிரலை வெட்டி இந்தப் பொட்டிக்குள்ள வெச்சுட்டா போனேன்?”

அவள் சிரித்துவிட்டாள். “மெஷின் கோளாறாத்தான் இருக்கும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க, பதிவை மூடிடறேன். கடைசி ராத்திரி அவங்க தூங்கினாங்களா?”

பெயரை எடுத்தால் ஆள் மாறிவிடுமா? அந்த நம்பர் அவருடைய கூடப்பிறந்த தங்கை. அவளை இங்கே சேர்த்ததும் அவர்தான். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று அம்மாவிடம் சொன்னதும் அவர்தான். அம்மா அதை நம்பித்தான் கண்ணை மூடினாள்.

“தூங்கினா. நிம்மதியா.”

அதையே ஆராய்ச்சிப் பெண் கம்ப்யூட்டரில் அடித்தாள்.

டொக்.

“யாரோ கதவைத் தட்டறாங்க,” என்றாள்.

கதவு திறந்தேதான் இருந்தது.

டொக். டொக். டொக்.

ஆள் யாரும் இல்லை. கதவுப் பலகை மட்டும் அதிர்ந்தது. பினாயிலுக்கு நடுவே தங்கையின் பழைய தலையெண்ணெய் வாடை எழுந்தது.

“ஐயா... யாரு இது?” அவள் கேட்டாள்.

மூன்று தட்டு, ஒரு இடைவெளி. அவருக்கு அது தெரியாதா என்ன?

“தூங்கலம்மா. அழிச்சுட்டு எழுது. விடிய விடியத் தட்டினா. ‘அண்ணா, மூச்சு முட்டுது, திறண்ணா’ன்னா. தினமும் இதே பாட்டுதானேன்னு நான் எழுந்திரிக்கல. காலையில எட்டிக்கூடப் பார்க்காம பொத்தானை அழுத்திட்டேன்.”

“எந்தப் பொத்தான்?”

“‘நேற்றுப் போலவே’ன்னு ஒண்ணு இருந்துச்சு. ஒரு தடவை அழுத்தினா முந்தின நாள் எழுதினதே வார்டு மொத்தத்துக்கும் ஏறிடும். ரெண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.”

அவள் அழித்துவிட்டு அடித்தாள். தூங்கவில்லை. கதவைத் தட்டினார். யாரும் திறக்கவில்லை.

தட்டல் நின்றது.

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். எட்டு வருடத்தில் முதல் தடவையாக மூச்சு முழுசாக உள்ளே போனது.

அப்போது பத்தாம் அறையில் தட்டும் சத்தம் கேட்டது.

பிறகு பதினொன்றில், பன்னிரண்டில்.

பிறகு, வராந்தாவின் அந்தக் கோடியில், ஒன்றாம் அறையிலிருந்து வரிசையாக.