குருதிப் பொருத்தம்

2063, மார்ச் 9, வெள்ளி.

நேற்று ஒரு சிறு பிழை செய்தேன். மாலை வகுப்பில் குருதிநோக்கியின் பிழை விகிதத்தைக் கணக்கிட்டபோது, ‘சொன்ன தேதி சரியாக இருந்தால்’ என்ற நிபந்தனையை எழுதாமல் விட்டுவிட்டேன். பக்கத்து இருக்கை காதர் இன்று பார்த்துச் சொன்னான்.

“டேய் இமையா, பாதிக் கணக்கத் தின்னுட்டியே! அந்த மிஷினு பொய் சொல்லாதுடா. நாமதான் சொல்லுவோம்.”

எனக்கு முகம் எரிந்தது.

ஜாதகம் பார்க்கும் வீடுகளில் இப்போது குருதிப் பொருத்தமும் பார்க்கிறார்கள். பேருந்து நிலையக் கூண்டில் இருக்கும் குருதிநோக்கியில் விரலை வைத்தால், எச்.ஐ.வி. உட்பட எல்லாவற்றையும் அலசி, நோயில்லை என்றால் இரு வீட்டுக்கும் பச்சைச் சான்று அனுப்பிவிடும். ஆனால் கிருமி நுழைந்த முதல் சில வாரங்கள் எந்தக் கருவிக்கும் தெரியாது. ஆகவே அது முதலில் கேட்கும்: பாதுகாப்பில்லாத உறவு உண்டா? கடைசியாக எப்போது?

என்னிடம் கேட்டபோது ‘இல்லை’ என்று சொல்ல மனம் வரவில்லை. சோதனை சரியாக நடக்க வேண்டுமே. ஆனால் அது நடந்தது போன மாதம், நான் பயிற்சிக்குப் பாங்காக் போனபோது. வெண்பாவுடன் நிச்சயமானது அதற்கு முந்தைய மாதம். கூண்டில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் ‘போன ஆகஸ்ட்’ என்றேன். ஓர் இயந்திரத்தின் முன்னாலும் கொஞ்சம் நல்லவனாகத் தெரிய ஆசைப்பட்டிருக்கிறேன். போதிய காலம் கடந்துவிட்டது, மறுசோதனை வேண்டாம் என்று அது பச்சை காட்டிவிட்டது.

வகுப்பு முடிந்து வரும் வழியில் வெண்பா அழைத்தாள்.

“ஏனுங்க, உங்களுக்குப் பச்சைங்களாமா! எங்கப்பா தெருவுல ஒருத்தர் விடாமக் காட்டிட்டிருக்காரு.”

“உனக்கு?”

“எனக்கும் பச்சைதானுங்க. ஆனா அது கேக்குற கேள்வி இருக்குதே, ஐயோ! அதுக்கெல்லாம் ஆராச்சும் நெசத்தச் சொல்லுவாங்களா?”

சிரித்தாள். நானும் சிரித்தேன். ‘நீ என்ன சொன்னாய்?’ என்று கேட்க நினைத்தேன். கேட்டால் அவளும் கேட்பாள். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பாள். ஒரு நொடி அவளைச் சந்தேகித்தேன். அதை எழுதவே கூசுகிறது.

பங்குனி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். எனக்கு இருந்தால் அவளுக்கும் வரும். மாத்திரை இருக்கிறது, சாகமாட்டோம். ஆனால் அவள் அந்தப் பச்சையை நம்பித்தான் என் பக்கத்தில் படுப்பாள்.

தேதியைத் திருத்தினால் பச்சை அணைந்து, பழைய தேதி, புதிய தேதி இரண்டும் இரு வீட்டுக்கும் போய்விடும். அதனால் யாரும் திருத்துவதில்லை. எங்கள் தெருவில் பச்சை இல்லாத வீடே இல்லை. அதில் எத்தனை என்னுடையதைப் போன்றவை என்று எந்தக் கணக்கிலும் கண்டுபிடிக்க முடியாது.

நாளை காலை, செய்தி போவதற்கு முன், வெண்பாவிடம் நேரில் சரியான தேதியைச் சொல்ல வேண்டும். பிறகு கூண்டுக்குப் போய்த் திருத்தம் பதிய வேண்டும்.