ஆறாவது முதுகு

கண்ணால் எண்ணியபோது ஐந்து. கேமராவின் சின்னத் திரையில் ஆறு.

"உங்களுக்கு எண்ணத் தெரியலண்ணே" என்று சிரித்தாள் அலுவலகத்துப் பெண். டால்பின்களின் முதுகுத் துடுப்பில் இருக்கும் வெட்டுகளைப் படமெடுத்து, எது எது என்று பதிவேட்டில் சேர்ப்பது அவள் வேலை. பத்து நாள் முன்புவரை அவன் தம்பியின் வேலை.

அவன் படகோட்டி. பறவைகள் வட்டமிடுவதைப் பார்த்து, காற்றில் வரும் மீன் கவிச்சியை மோந்து, கூட்டத்துக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்துகிறவன். அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியதோ தம்பியின் பெயர். "அண்ணன் ஓட்டுவான், நான் பாப்பேன்" என்பான் தம்பி. எல்லோரும் சிரிப்பார்கள். பெற்ற அம்மாகூட. பத்து வருஷத்தில் ஒரு படத்திலாவது அண்ணன் முகத்தை எடுத்தானா?

பத்து நாள் முன்பு, கழுத்தில் கேமராவோடு தம்பி படகு விளிம்பில் சாய்ந்திருந்தபோது, அண்ணன் படகைச் சட்டென்று திருப்பினான். நனையட்டும், அவ்வளவுதான்.

"அண்ணா, கை குடு!"

கொஞ்சம் தவிக்கட்டும் என்று நின்றான். பிறகு நீட்டியபோது வெறும் தண்ணீர். உடல் கிடைக்கவேயில்லை.

"ஆறாவதுக்குத் துடுப்பே இல்லண்ணே. முதுகுல ஏதோ சிவப்புப் பட்டை. வலை சுத்திக்கிச்சு போல, பாவம். இன்னும் கிட்டப் போங்க" என்றாள் அந்தப் பெண், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

தம்பியின் அறுந்துபோன கேமரா வாரைச் சிவப்புத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தது அவன்தான். செத்துப் போயும் தம்பிதான் படத்தில், என்று முதலில் வயிறு எரிந்தது. செத்தவன் எப்படிப் படத்தில் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"இன்ஜினை நிறுத்துங்க, மிரண்டுடும்."

நிறுத்தினான். உச்சி வெயிலில் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது கடல். டீசல் வாடை அடங்கி, அழுகிய பாசியின் வாடை மெல்ல மேலே வந்தது. டால்பின் ஒன்றுகூட இல்லை.

க்ளிக்.

"போதும்மா, எத்தனைதான் எடுப்பே?"

"நான் எங்கண்ணே எடுத்தேன்? மூடி போட்டாச்சே."

க்ளிக். படகுக்கு அடியில்.

க்ளிக். அவன் பக்கம்.

குனிந்தான்.

பச்சைத் தண்ணீருக்குள் ஒரு கேமராவின் கண்ணாடி வட்டம். அதில் அவன் முகம், முழுசாக. பொத்தான்மேல் வெளுத்து ஊறிய விரல். இன்னொரு கை மெதுவாக மேலே வந்தது. விரல்கள் விரிந்தன.

அவன் கை, அவனைக் கேட்காமலே, நீண்டுகொண்டிருந்தது.