கேட்டவர் பெயர்

எங்கள் சர்ச்சின் பங்கு அலுவலகக் கதவைத் திறந்தால் முதலில் மெழுகுவத்தி வாசனை வரும், பின்னாலேயே பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளின் வாசனை வரும். அந்த அக்டோபர் சனிக்கிழமை மதியம் இரண்டும் வரவில்லை. ஏரிச் சேற்றின் வாசனை வந்தது.

வெளியே நல்ல மழை. ஓட்டில் எங்கேயோ ஒழுகுகிறது என்று நினைத்து அண்ணாந்து பார்த்தேன். எங்கேயும் ஈரமில்லை. சரி, வெள்ளானூரில் மழை பெய்தால் எல்லா இடமும் ஏரிதான் என்று முனகிக்கொண்டு, பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தேன்.

அதை லேப்டாப் என்று சொல்வதே கொஞ்சம் மரியாதைதான். பதினோரு இஞ்ச் திரை. கைப்பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை சொன்னால் ஒன்றையும் செய்யாது. சார்ஜர் வயரை ரப்பர் பேண்ட் போட்டு ஒரு பக்கமாக இழுத்துக் கட்டினால்தான் சார்ஜ் ஏறும். அண்ணன் ஆன்சன் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருப்பதிலேயே விலை குறைந்ததாகப் பார்த்து வாங்கியது. கரண்ட் பில், கேஸ் புக்கிங், அம்மா பார்க்கும் நேரலைப் பூசை, என் வேலை விண்ணப்பங்கள் எல்லாம் அதில்தான். அலுவலகக் கம்ப்யூட்டர் உயிரை விட்டதிலிருந்து கோயில் வேலையும் அதன் தலையில்தான்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஞாயிறு பூசைக் கருத்துகளின், அதாவது யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜனங்கள் கேட்பதன், பட்டியலை நான் தயார் செய்ய வேண்டும். இரண்டு பகுதி. மேலே உயிரோடு இருப்பவர்கள்: உடல்நலம் வேண்டி, பிறந்தநாள் நன்றியாக, பரீட்சையில் ஜெயிக்க. கீழே இறந்தவர்கள்: ஆன்ம இளைப்பாற்றிக்காக. ஒவ்வொரு வரியிலும் பெயர், கருத்து, கேட்டவர் என்று மூன்று கட்டம். ஃபாதர் ஃபெலிக்ஸ் பூசைக்கு முன்னால் அதை அப்படியே வாசிப்பார்.

நான் சோம்பேறி. புதிதாகப் பட்டியல் போடுவதில்லை. போன வாரத்து ஃபைலைத் திறந்து, பெயர்களை மாற்றி, அதன் மேலேயே சேவ் செய்துவிடுவேன். அதனால் மேல் பகுதியின் கடைசி வரியை மட்டும் கிட்டத்தட்ட இரண்டு வருடமாக நான் தொட்டதே இல்லை.

ஆன்சன். நலமாய்த் திரும்பி வர. கேட்டவர்: ராஜகுமாரி.

ராஜகுமாரி என் அம்மா. ஆன்சன், அந்த டிசம்பர் புயலன்று மாலை வண்டியை எடுத்துக்கொண்டு போனவன், திரும்பவில்லை. மூன்றாம் நாள் தரைப்பாலத்துக்குக் கீழே ஆகாயத்தாமரைக்குள் வண்டி கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. ஏரியை எத்தனையோ பேர் துழாவினார்கள். அம்மா கரையில் நின்று, "அவன் நீச்சல்காரன், எங்கியோ ஏறியிருப்பான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறாள். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் அவன் மாதிரி ஒருத்தனைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் போதும், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்பாள்.

"ஆன்சன் பேரு போட்டுக்கினு கீறல்ல? மேல போடு. நல்லா கீறவங்க பக்கத்துல."

அம்மாவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. யாருக்குமே தெரியாது. புயலுக்கு முன் லேப்டாப்பின் கீபோர்டு கெட்டு ஆவடி மார்க்கெட்டில் கோதண்டம் அண்ணன் கடையில் கொடுத்திருந்தோம். ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க எனக்கு மறுநாள் கடைசித் தேதி. மழையைப் பார்த்து ஆன்சன் தயங்கினான். "நாளிக்குப் போறேன்டி, ஸ்டெஃபி" என்றான். நான்தான் கத்தினேன். "இன்னிக்கே வாங்கினு வா" என்றேன். அம்மா பின்கட்டில் தண்ணீர் இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்தாள், கேட்கவில்லை.

புயலால் கடைசித் தேதியைப் பத்து நாள் தள்ளி வைத்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை லேப்டாப் முனகி முனகி எழுந்ததும் மூலையில் மணி பார்த்தேன். மாலை ஐந்து நாற்பது. தேதி டிசம்பர் நான்கு. வருடம் அந்தப் புயல் வருடம். அவன் வண்டியை எடுத்த நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பட்டியலைத் திறந்தேன். மேல் பகுதியின் கடைசி வரி இல்லை.

கீழே இருந்தது. இறந்தவர்களின் பகுதியில், கடைசியாக.

ஆன்சன். ஆன்ம இளைப்பாற்றிக்காக.

போன வாரம் என் கை எதையோ தட்டி இழுத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். அதைத் தவிர வேறென்ன சொல்லிக்கொள்வது? வரியை அழித்துவிட்டு மேலே மறுபடி அடித்தேன். இரண்டு வருடத்தில் அவன் பெயரை நான் மறுபடி அடித்தது அதுதான் முதல் தடவை. கைவிரல் சில்லிட்டது. பார்த்தால் விசைகளுக்கு நடுவில் தண்ணீர் நின்றது.

மறுநாள் கோதண்டம் அண்ணனிடம் எடுத்துப் போனேன். அவர் பின்பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"உள்ள ஒரு சொட்டு ஈரம் இல்லியேம்மா. பவுடர் மாரி காஞ்சிகினு கீது."

"தேதி பின்னாடி போவுதுண்ணா."

"பட்டன் செல்லு வீக்கா இருந்தா போவும். ஆனா வாங்கன வருஷத்துக்குப் போவும். நீ சொல்ற தேதிக்கு இன்னாத்துக்குப் போவுது?" டார்ச்சை அணைத்தார். "அன்னிக்கு நான் கடையே தொறக்கலம்மா. இது மேல் பலகைல பத்திரமா இருந்திச்சி. தண்ணியே படல. அந்தப் புள்ள வந்து பூட்டுன கடையப் பாத்துட்டுப் போச்சோ, வரவே இல்லியோ..."

செல்லை மாற்றிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார்.

அடுத்த சனிக்கிழமை மழை இல்லை, நல்ல வெயில். அலுவலகத்தில் சேற்று வாசனை முன்னைவிட அதிகமாக இருந்தது. லேப்டாப்பைத் திறந்தேன்.

ஐந்து நாற்பது.

அவன் பெயர் கீழே போயிருந்தது. இந்தத் தடவை கேட்டவர் கட்டமும் மாறியிருந்தது.

ஆன்சன். ஆன்ம இளைப்பாற்றிக்காக. கேட்டவர்: ஆன்சன்.

பூசைக் கருத்தை இறந்தவருக்காக வீட்டார் கேட்பார்கள். நண்பர்கள் கேட்பார்கள். தனக்குத் தானே வந்து கேட்ட ஆளை எங்கள் பங்கில் யாரும் பார்த்ததில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பிடிவாதம்தான் அதிகமாக இருந்தது. கீழே விட்டால் நானே அவனை இரண்டாம் தடவை ஏரிக்கு அனுப்பியதாகிவிடும். அழித்தேன். மேலே அடித்தேன். கேட்டவர்: ராஜகுமாரி.

அச்சடித்து முடிக்கும்வரை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அன்று மாலை கல்லறைத் தோட்டத்திலேயே பூசை. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறைக்கு வெள்ளை அடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றிப் பக்கத்தில் நிற்கும். அம்மாவும் நானும் அப்பா அமல்ராஜின் கல்லறை அருகில் நின்றோம். அன்றைக்கு இறந்தவர்களின் பட்டியல் மட்டும்தான், நான்கு பக்கம். முந்தின நாள் மூன்று தடவை சரிபார்த்திருந்தேன். ஆன்சன் பெயர் அதில் எங்குமே இல்லை.

ஃபாதர் ஃபெலிக்ஸ் மைக்கில் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கல்லறைப் பக்கம் தலைகள் குனிந்தன.

"அமல்ராஜ். கேட்டவர், மனைவி ராஜகுமாரி."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஆன்சன். கேட்டவர்..."

மைக் ஒரு கணம் இரைந்தது.

"கேட்டவர், ஆன்சன்."

அம்மாவின் கையிலிருந்த மெழுகுவத்தி சாமந்தி மேல் விழுந்தது. காற்றே இல்லை. அப்பா கல்லறை மேல் ஏற்றியிருந்த நான்கும் அணைந்தன. அம்மா என்னைத்தான் பார்த்தாள்.

எனக்கு முன்னால் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தினாள்.

"எட்றி அத்த."

லேப்டாப்பை எடுத்தேன்.

"உன் கையி தானே எழ்திச்சி? எம்புள்ளய சாவடிச்சி எழ்த உனுக்கு எப்டிடி மன்சு வந்திச்சி?"

"நான் எழுதலம்மா. சத்தியமா எழுதல."

"தொற."

திறந்தேன். அது முனகவே இல்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக உடனே எழுந்தது. பட்டியல் தானாகத் திறந்திருந்தது. நான்கு பக்கத்தில் இருந்த மற்ற எந்தப் பெயரும் இல்லை. ஒரே ஒரு வரி.

பெயர்: ஆன்சன். கேட்டவர்: ஆன்சன்.

நடுக் கட்டத்தில், கருத்து எழுத வேண்டிய இடத்தில், வேறு நான்கு வார்த்தை இருந்தது.

அம்மா எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"இன்னிக்கே... வாங்கினு... வா... ஸ்டெஃபி."

விசைகளின் இடுக்கிலிருந்து தண்ணீர் மெதுவாக ஏறி, விளிம்பைத் தாண்டி, மேசை மேல் வழிந்தது. அதில் ஆகாயத்தாமரையின் மெல்லிய வேர் ஒன்று இருந்தது.

"இது ஆரு சொன்னது?" அம்மாவின் குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

"நான்தாம்மா. நான்தான் சொன்னேன். அவன் நாளிக்குப் போறேன்னான். நான்தான் சண்ட போட்டு அனுப்புனேன்."

சொல்லிவிட்டேன். அடித்திருந்தால் தேவலாம் என்றிருந்தது. அம்மா அடிக்கவில்லை. முந்தானையால் லேப்டாப்பைத் துடைத்தாள். திரையை, விசைகளை, ஓரங்களை, குளித்துவிட்டு வந்த பிள்ளைக்குத் தலை துவட்டுவது மாதிரி துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கத் துடைக்க ஊறியது.

"நனஞ்சிகினு கீறான்டி," என்றாள். என்னிடம் சொல்லவில்லை. "ரெண்டு வருஷமா வாசல்ல நனஞ்சிகினே நிக்கிறான். நான்தான் உள்ள உடல."

மறுநாள் காலை அவளே ஃபாதரிடம் போனாள். உடல் கிடைக்காதவர்களுக்கும் பூசை வைக்கலாம் என்று ஃபாதர் முன்பே பலமுறை சொல்லியிருந்தார். புதன்கிழமை பூசையில் ஆன்சன் பெயரை இறந்தவர்களோடு வாசித்தார்கள். அம்மா அழவில்லை. நான்தான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்று வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. தேதியும் மணியும் சரியாக இருந்தன.

ஆனால் அம்மா என்னோடு பேசவில்லை. சோறு போட்டுத் தட்டை நகர்த்துவாள், அவ்வளவுதான். எனக்கு அந்தச் சேற்று வாசனையே மேல் என்று தோன்றிய நேரமும் உண்டு.

சனிக்கிழமை அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் நின்று அம்மா எதுவும் கேட்கவில்லை. அலுவலகத்தில் மெழுகுவத்தி வாசனைதான் வந்தது. லேப்டாப் பழையபடி முனகியது, அதைக் கேட்கக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. மேல் பகுதியின் கடைசி வரியை என் கையாலேயே அழித்தேன். கீழே, இறந்தவர்களின் பகுதியில் அடித்தேன். ஆன்சன். கேட்டவர்: அம்மா ராஜகுமாரி, தங்கை ஸ்டெஃபி.

அச்சடிக்கக் கொடுத்தேன். பிரிண்டர் ஒரே ஒரு தாளைத் துப்பியது.

தாள் நனைந்திருந்தது.

கீழ்ப் பகுதி நான் அடித்தபடியே இருந்தது. மேல் பகுதியில், உயிரோடு இருப்பவர்களின் கடைசி வரியில், இத்தனை நாள் அவன் பெயர் இருந்த இடத்தில், இன்னொரு பெயர் இருந்தது.

ஸ்டெஃபி. மனச் சமாதானம் வேண்டி. கேட்டவர்: ஆன்சன்.

திரையைப் பார்த்தேன். அப்படி ஒரு வரியே அதில் இல்லை. மூலையில் மணி ஐந்து நாற்பது.

நிமிர்ந்தபோது அம்மா கதவருகே நின்றிருந்தாள். ஆறு நாளாக என் பக்கம் திரும்பாதவள், தாளை என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அந்த ஒரு வரியை இரண்டு தடவை படித்தாள். கட்டைவிரலால் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அவனே கேட்டுட்டான்," என்றாள். "அப்பறம் நான் யாருடி? எந்திரி. ஊட்டுக்கு வா. காலைலருந்து ஒண்ணும் துண்ணல நீ."

லேப்டாப்பை மூடினேன். பையில் எடுத்து வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மேசை மேலேயே விட்டுவிட்டு, விளக்கை அணைத்து, வெளியே வந்து கதவைப் பூட்டினேன்.

சாவியை உருவும்போது கேட்டது.

உள்ளே, இருட்டில், விசைகள் தட்டும் சத்தம். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக.

நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கும் கேட்டது. பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"அட்த்த வாரத்துக்கு எழ்தறான்," என்றாள். "வா, போலாம்."