சேக்காட்டுக் கோப்பையும் வாழைப்பூ வடையும்

கிருஷ்ணப்பிரியா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தபோது கௌதம் காலைச் சாப்பாட்டை இரண்டாவது முறையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிளஸ் டூ படிக்கிற பையன். மின்விசிறி சுவிட்சைப் போடக்கூட எழுந்திருக்க மாட்டான். ஆனால் ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை எந்தக் கடையில் எந்தக் கிழமை என்ன பலகாரம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வான். எதிரே அவனுடைய நண்பன் தமிழரசு, அவன் எப்போது முடிப்பான் என்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கப்பைக் காணோம்," என்றாள் கிருஷ்ணப்பிரியா.

எந்தக் கப்பு என்று இருவரும் கேட்கவில்லை. போன வாரம் பூந்தமல்லி கபடிப் போட்டியில் சேக்காட்டுப் பெண்கள் அணி ஜெயித்துக் கொண்டுவந்த கோப்பை. அணித் தலைவி அவள்தான். சேக்காட்டுப் பெண்கள் கோப்பை என்று ஒன்றைத் தொட்டதே அதுதான் முதல் தடவை. இன்றைக்கு மாலைதான் பாராட்டு விழா, பிறகு தெருவெல்லாம் ஊர்வலம் என்று ஏற்பாடு.

"பூட்டு உடைஞ்சிருக்கா?" என்றான் கௌதம்.

"இல்ல. கப்பு வச்சிருந்த கபடி மன்றத்து ரூமுக்கு சாவி ரெண்டுதான். ஒண்ணு குணசேகரன் சார்கிட்ட, இன்னொண்ணு ஜஸ்டின்கிட்ட. ஜஸ்டின்தான் காலையில ரூமைத் திறந்து, கப்பு இல்லன்னு ஓடி வந்து சொன்னான். எல்லாரும் கூடிட்டாங்க. சார் அப்போ மைக் டெஸ்ட் பண்ணிட்டிருந்தாரு. சாவி ஜஸ்டின்கிட்டதான் இருந்துச்சு, அவனையே கேளுங்கன்னு மைக்லயே சொல்லிட்டாரு. தெருவுக்கே கேட்டுச்சு. அவன் அப்போ வீட்டுக்குள்ள போனவன், இன்னும் வெளியே வரல."

ஜஸ்டின் அவர்களோடு படிப்பவன். பெண்கள் பயிற்சிக்கு வருமுன் மைதானத்தில் தண்ணீர் தெளித்து, கல் பொறுக்கி வைப்பவன்.

"மச்சான், எய்ந்துரு. இது கேசு," என்று தமிழரசு துள்ளினான்.

தட்டில் பாதித் தோசை இருந்தது. கௌதம் அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். தமிழரசு அந்தத் தோசையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவன் பின்னால் நடந்தான்.

மன்றத்தில் குணசேகரன் தோரணம் கட்டுவோரை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கபடியா என்று ஊர் சிரித்தபோது தனியாளாக நின்று அணியைக் கட்டியவர். முகம் வாடியிருந்தது. இருந்தாலும், வாழைநாரால் கட்டியிருந்த பொட்டலம் ஒன்றைப் பிரித்து நீட்டினார்.

"சாப்பிடுங்க பசங்களா. ராஜம்மா கடை வடை. காலையிலேருந்து நான் சேக்காட்டை விட்டு நகரல, விழா வேலையே சரியா இருக்கு. நீ கவலைப்படாதே பிரியா. சாயந்திரம் விழாவுக்குள்ள கப்பு வந்துடும்."

கௌதம் ஒரு வடையைத் தின்றான். இன்னொன்றைப் பிட்டு, உள்ளே பார்த்துவிட்டுத் தின்றான். பிறகு மெதுவாக அறைக்குள் போனான். கோப்பை இருந்த அலமாரிக்குக் கீழே சிமெண்டுத் தரை புதிதாகப் பெயர்ந்திருந்தது. அதில் மஞ்சளாக ஒரு கீறல். தமிழரசு தரையில் படுத்து பெஞ்சுக்கு அடியில் கைவிட்டு ஒரு சின்ன நட்டை எடுத்தான்.

"ஏதோ சைக்கிள் நட்டு."

"அதைக் குடு," என்று கௌதம் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

திருடன் நேராகப் பழைய இரும்புக் கடைக்குத்தான் போயிருப்பான் என்பது தமிழரசுவின் முடிவு. யார் தடுத்தும் கேட்காமல் ஓடினான். சிறிது நேரத்தில் கிழிந்த கால்சட்டையும் நசுங்கிய இட்லிக் குண்டானுமாகத் திரும்பி வந்தான். பின்னாலேயே ஒரு நாய் வந்தது. "மூட்டைக்குள்ள பளபளன்னு இருந்துச்சு மாமே," என்றான். குண்டானைத் திருப்பிக் கொடுக்க கிருஷ்ணப்பிரியா போகவேண்டியதாயிற்று. நாய் அவளைப் பார்த்து வாலாட்டியதுதான் தமிழரசுக்குத் தாங்கவில்லை.

அவள் திரும்பியதும், ராஜம்மா கடைக்குப் போகலாம் என்றான் கௌதம்.

"இப்பதானேடா தின்னே?"

"திங்கிறதுக்கு இல்ல."

ராஜம்மா அவனைக் கண்டதும் கையை விரித்தாள். "வா நைனா. இன்னிக்கு வடை கிடையாது. விடிகாலையிலேயே கேஸ் தீந்துட்சு. கரண்ட் அடுப்புல டீ மட்டும் போட்டுகினு கீறேன்."

"அப்போ காலையிலேருந்து யாருக்குமே வடை குடுக்கலியாக்கா?"

"சட்டியே வெக்கலப்பா. எங்கேந்து குடுக்கறது?"

கௌதமின் முகம் சுருங்கியது. பசி என்று கிருஷ்ணப்பிரியா நினைத்தாள். அது பசியில்லை. குணசேகரன் மேல் அவனுக்கு நிறைய மரியாதை உண்டு.

மதியம் மன்றத்து அறையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஜஸ்டினைக் கிருஷ்ணப்பிரியா கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள். குணசேகரன் நாற்காலியில் இருந்தார். கௌதம் கதவைச் சாத்தினான்.

"கப்பு திருடு போகல சார். கீழே விழுந்துடுச்சு," என்று அவன் நட்டை மேசைமேல் வைத்தான். "இது கப்போட காதைப் பிடிச்சிருக்கிற நட்டு. விழுந்த இடத்துல தரை பெயர்ந்திருக்கு, கப்போட மஞ்சப் பூச்சு ஒட்டியிருக்கு. திருடுறவன் உடைஞ்சதைத் தூக்கிட்டுப் போக மாட்டான். உடைச்சவர்தான் ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போயிருக்கணும்."

"ஜஸ்டின் உடைச்சிருக்கலாமே?" என்றான் தமிழரசு.

"இருக்கலாம். ஆனா வடையைப் பத்திப் பொய் சொன்னது ஜஸ்டின் இல்ல. சார் குடுத்தது வாழைப்பூ வடை, அதுல சோம்பு. ராஜம்மா அக்கா வாழைப்பூ ஆய மாட்டாங்க, கை கறுத்துடும்னு சொல்வாங்க. சோம்பும் போட மாட்டாங்க. இன்னிக்கு அவங்க கடையில சட்டியே ஏறல. வாழைநார்ல கட்டிக் குடுக்கறது பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல நிக்கிற தள்ளுவண்டிக்காரர். காலையில அங்கே போயிட்டு வந்தவர், சேக்காட்டை விட்டு நகரலன்னு ஏன் சொல்லணும்? பூந்தமல்லியில பட்டறைங்க இருக்கு."

குணசேகரன் மேசைமேல் இருந்த நட்டை எடுத்துப் பார்த்தார்.

"இன்னொண்ணு சார். தொலைஞ்ச பொருளைக் கிடைச்சுடும்னுதான் சொல்வாங்க. நீங்க வந்துடும்னு சொன்னீங்க. எங்கே இருக்குன்னு தெரிஞ்சவங்கதான் அப்படிச் சொல்வாங்க."

குணசேகரன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "விழாவுக்கு முன்னாடி ஒருதரம் நானே துடைச்சு வைக்கணும்னு ஆசைப்பட்டேன். விடிஞ்சதும் வந்து எடுத்தேன், கை நழுவிடுச்சு. ஒரு காது பிஞ்சு வந்துடுச்சு. இத்தனை வருஷம் காத்திருந்த கப்பை நானே உடைச்சேன்னு எப்படிச் சொல்றது? தெரிஞ்ச பட்டறையில குடுத்துட்டு வந்து மைக்கைக் கையில எடுத்தேன், அதுக்குள்ள கூட்டம் கூடிடுச்சு. எல்லாரும் கேட்கறாங்க, வாயில வந்ததைச் சொல்லிட்டேன். சாயந்திரம் கப்பு வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன்."

"எனக்கு சரியாகாது சார்," என்றான் ஜஸ்டின். பிறகு, "என்கிட்ட சொல்லியிருந்தா நானே சைக்கிள்ல கொண்டுபோய்க் குடுத்திருப்பேன்," என்றான்.

குணசேகரன் எழுந்தார். "உங்க வீட்டுக்கு வரேன்பா. அப்பா அம்மாகிட்ட நானே சொல்றேன்."

"மைக்ல சொன்னது சார்," என்றான் கௌதம் தாழ்ந்த குரலில். "மைக்லயே திருப்பி எடுத்துக்கணும்."

அவர் தலையசைத்தார்.

மாலையில் கோப்பை பட்டறையிலிருந்து வந்து மேடையேறியது. காதைப் பற்ற வைத்த தழும்பு தூரத்திலிருந்தே தெரிந்தது. மாலை மரியாதைக்கெல்லாம் முன்பாகவே குணசேகரன் மைக்கைப் பிடித்தார். "கப்பைக் கீழே போட்டு உடைச்சது நான். பழியை ஜஸ்டின் மேல போட்டதும் நான். அந்தப் பையன் ஒரு தப்பும் பண்ணல. தம்பி, என்னை மன்னிச்சிடு." அணியின் பெண்கள்தான் முதலில் கைதட்டினார்கள். ஜஸ்டினுக்காகத் தட்டினார்களா, அவருக்காகவா என்று சொல்ல முடியாது. பிறகு எல்லாருமே தட்டினார்கள்.

ஊர்வலம் ஜஸ்டின் வீட்டு வாசலில் நின்றது. அவனுடைய அம்மா கண்ணம்மா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் அப்பா, தொழிற்சாலைச் சீருடை மாற்றாமல். கிருஷ்ணப்பிரியா கோப்பையை அந்த அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"தூக்கிப் பிடிங்கம்மா. உங்க பையன் கல்லு பொறுக்கின மைதானத்துலதான் நாங்க ஆடிப் பழகினோம்."

கண்ணம்மா கூச்சத்தோடு அதை வாங்கினாள். முதலில் மார்போடு பிடித்திருந்தாள். பிறகு தலைக்கு மேலே உயர்த்தினாள். மேளம் ஓங்கியது. அக்கம்பக்கத்தார் எல்லாரும் வாசலுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, ஜஸ்டினின் அப்பா மகன் தோளில் கை போட்டார்.

"எம் புள்ள," என்றார்.