வலப்பக்கம் திரும்பாத வண்டி

சர்வேயர் அன்று யாரையும் பார்ப்பதாக இல்லை. எரிந்த கடைகளையும் நொறுங்கிய லாரிகளையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பார்வையிட்டு, சொல்வதில் எது உண்மை எது புளுகு என்று பிரித்துச் சொல்லியே ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகாவது மனிதர்கள் பொய் சொல்வதைக் கேட்காமல் இருக்கலாம் என்று நினைத்திருந்தார். அந்த நினைப்பில் மண்ணைப் போட்டவன் அவருடைய மச்சினன். அக்கம்பக்கத்தில் ஒரு செருப்பு காணாமல் போனால்கூட, 'எங்க அத்தான் கண்டுபிடிச்சிடுவார்' என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்பான். நாற்பதைத் தாண்டியும் அவனுக்கு அந்த ஆர்வம் வடியவில்லை.

இந்தத் திங்கட்கிழமை அவனோடு வந்தவர் பழைய வீடியோ கேம் மெஷின்களை வைத்து விளையாட்டுக்கூடம் நடத்துகிற முதலாளி. நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"சுரங்க வண்டின்னு ஒரு மெஷின் இருக்குங்க. எனக்கு மீசை முளைக்கறதுக்கு முந்தி வந்தது. அதை ஆடறதுக்குன்னே எங்கெங்கிருந்தோ ஆளு வராங்க. அது இப்போ என் உசுரை வாங்குது. ஞாயித்துக்கிழமை கூட்டம் சேர்ற நேரம் பார்த்து ஸ்டிக் மக்கர் பண்ணுது. மத்த எல்லாப் பக்கமும் போகுது, வலது பக்கம் தள்ளினா மட்டும் வண்டி நகர மாட்டேங்குது. நேரா போய்ச் சுவத்துல முட்டிச் சாகுது."

"மெக்கானிக் இல்லையா?" என்றார் சர்வேயர்.

"அவரைப் பத்தித்தானே பேச்சே. அடுத்த நாள் வருவாரு, வயர் கழண்டிருக்குன்னு மாட்டிட்டுப் போவாரு. அடுத்த ஞாயிறு அதே கதை. ஒரு வயர் எத்தனை தடவைதான் தானா கழலும்? தனக்கு வேலை இருக்கணும்னு அவரேதான் அரைகுறையா மாட்டி விடறாரு. நேத்தும் நின்னு போச்சு. இனிமே வராதீங்கன்னு போன்ல சொல்லிட்டேன்." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "எங்க கூடத்தை நம்பித்தான் அவர் குடும்பமே இருக்கு. தப்பான ஆளை நிறுத்திட்டா பாவம் எனக்குத்தான் சேரும். அதான் உங்ககிட்ட வந்தேன்."

சர்வேயர் முழங்காலைத் தடவிக்கொண்டே எழுந்தார். மச்சினன் அதற்குள் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

கூடம் ஜன்னல் இல்லாத நீளமான அறை. இரண்டு பக்கமும் மெஷின்கள் ஒன்றையொன்று மிஞ்சுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தன. ஆடுவதற்கு யாரும் இல்லாதபோதும் அவை கத்துவதை நிறுத்துவதில்லை. மெக்கானிக் தன் கருவிப்பெட்டியை எடுத்துப் போக வந்தவர், அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். முதலாளியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாசலை ஒட்டிய கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பெண் டோக்கன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை அதுபாட்டுக்கு அடுக்கியது. கண் எங்கோ இருந்தது.

"என் தங்கச்சி," என்றார் முதலாளி. "போன இடம் சரியா அமையல. நான்தான் கூட்டிட்டு வந்து வச்சிருக்கேன். காலையில பெருக்கறது, டோக்கன் பெட்டியைக் காலி பண்றது, ராத்திரி பூட்டறது, எல்லாம் இவதான். ஒரு நாள் லீவு போட்டதில்லை." அதைப் பெருமையாகவே சொன்னார்.

சர்வேயர் கூண்டருகே போய்த் தண்ணீர் கேட்டார். அவள் எழுந்து கொடுத்தாள்.

"உனக்கு என்னம்மா தோணுது?"

"மெஷினைப் பத்தி எனக்கு என்ன சார் தெரியும். இத்தனை நாள்ல ஒரு தடவைகூட ஆடினதில்ல. மெஷின் போச்சுன்னு திட்டிக்கிட்டே டோக்கனைத் திருப்பிக் கேப்பாங்க, கொடுத்துடுவேன். பழசாயிடுச்சில்ல, இடது பக்கம் தேய்ஞ்சு போயிருக்கும். மெக்கானிக் பேர்ல தப்பு இருக்காது சார். நல்ல மனுஷன்."

சர்வேயர் தண்ணீரைக் குடித்து முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

மச்சினன் இதற்குள் ஆளைப் பிடித்துவிட்டான். சர்வேயரை ஓரமாக இழுத்துப் போனான்.

"அத்தான், ஞாயிறுதோறும் ஒரு டைப்பிஸ்ட் அம்மா வருவாங்களாம். ஸ்டிக்கைக் கைக்குட்டையால துடைச்சிட்டுத்தான் தொடுவாங்களாம். இந்த மெஷின்ல அவங்க புள்ளிதான் முதல்ல இருக்கு. வேற யாரும் தாண்டிடக் கூடாதுன்னு அவங்கதான் பண்றாங்க. எழுதி வச்சுக்குங்க."

"மெஷின் நின்னா அவங்களும்தானே ஆட முடியாது, மாப்ளே," என்றார் சர்வேயர்.

சுரங்க வண்டி கூடத்தின் கோடியில் நின்றது. சர்வேயர் ஒரு டோக்கன் போட்டு ஆடினார். வண்டி மேலே ஏறியது, கீழே இறங்கியது, இடப்பக்கம் ஓடியது. வலப்பக்கம் தள்ளியபோது அசையாமல் நின்று பாறையில் மோதிச் செத்தது. அவர் குனிந்து, ஸ்டிக் பொருத்தியிருந்த பலகையின் ஸ்க்ரூக்களைப் பார்த்தார். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பாக ஒரு பொட்டு.

"என் பொண்ணோட நெயில் பாலிஷ்," என்றார் மெக்கானிக், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "போன வாரம் வயரை மாட்டிட்டு நான்தான் வச்சேன். யாராவது பலகையைத் திறந்தா பொட்டு உடைஞ்சிருக்கும். அதைச் சொல்லக்கூட விடாம போனை வச்சிட்டாரு."

பொட்டுகள் உடையவில்லை. சர்வேயர் சொன்னதன் பேரில் மெக்கானிக் ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பலகையை நிமிர்த்தினார். ஸ்டிக்கின் அடித்தண்டைச் சுற்றி நாலு பக்கமும் நாலு சின்ன ஸ்விட்சுகள். இடக்கைப் பக்கத்து ஸ்விட்சின் வயர் மட்டும் கழன்று தொங்கியது. சர்வேயர் அதை மாட்டிவிட்டு இழுத்துப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்த பிறகுதான் வந்தது.

"இது தானா கழலாது. யாரும் மேலே திறக்கவும் இல்லை," என்றார். "கீழே டோக்கன் பெட்டிக்கு ஒரு கதவு இருக்கே, அதைத் திறந்து கையை மேலே விட்டா இந்த வயர் எட்டுமா?"

மெக்கானிக் யோசித்தார். "எட்டும். இது ஒண்ணுதான் சட்டுனு கைக்கு வரும்."

சர்வேயர் முதலாளியிடம் திரும்பினார். "மெஷின் நின்ன அன்னைக்கெல்லாம் என்ன ஆச்சு?"

"என்ன ஆகும்? இது இல்லேன்னா ஞாயித்துக்கிழமை கூட்டம் நிக்காது. சீக்கிரமே பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டோம். மத்தபடி கடைசி ஆளு போற வரைக்கும் திறந்துதான் வச்சிருப்போம்."

சர்வேயர் கண்ணை மூடித் திறந்தார். இதோடு கிளம்பிப் போய்விடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. ஆனால் கருவிப்பெட்டியின் மேல் மறுபடி போய் உட்கார்ந்துவிட்ட மனிதருக்கு நாளை முதல் வேலை இல்லை. தங்கையையும் கூப்பிடச் சொன்னார்.

மெக்கானிக்கைத் தவிர மற்ற நாலு பேரும் மெஷினைச் சுற்றி நின்றார்கள். சர்வேயர், மச்சினனின் பையிலிருந்து பென்சிலை எடுத்து, நடுவில் இரண்டு விரலால் பிடித்தார்.

"மேல் நுனியை வலப்பக்கம் தள்ளு, மாப்ளே. அடி நுனி எங்கே போகுது?"

"இடப்பக்கம்."

"ஸ்டிக்கும் அப்படித்தான். வலப்பக்கம் தள்ளினா, உள்ளே அடித்தண்டு இடப்பக்கத்து ஸ்விட்சை அமுக்கும். அதனால இடக்கைப் பக்கத்து வயரைக் கழட்டினா, வண்டி போகாதது வலப்பக்கம். மெக்கானிக்குக்கு இது தண்ணி பட்ட பாடு. ஆடினவங்களுக்கு உள்ளே இருக்கறது தெரியாது, ஆனா வண்டி எந்தப் பக்கம் போகலைன்னு தெரியும். ரெண்டு விதத்துல பார்த்தாலும் வலதுன்னுதான் சொல்வாங்க. முதலாளியும் வலதுன்னுதான் சொன்னார். இடதுன்னு சொல்லக்கூடிய ஆள் ஒருத்தர்தான். ஸ்டிக்கைத் தொட்டே பார்க்காம, இடக்கைப் பக்கத்து வயரை மட்டும் தொட்டவர்."

மெஷின்கள் கத்திக்கொண்டிருந்தன. முதலாளி பேச வாயெடுத்தார், சர்வேயர் கையமர்த்தினார்.

"டோக்கன் கதவுக்குச் சாவி உங்ககிட்ட ஒண்ணு, பெட்டியைக் காலி பண்றவங்ககிட்ட ஒண்ணு. சீக்கிரம் பூட்டினா யாருக்கு லாபம்னு யோசிச்சேன். உங்களுக்கு இல்லை. மெக்கானிக்குக்கும் இல்லை."

தங்கை மறுக்கவில்லை. அழவும் இல்லை. மெஷினில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள்.

"இடதுன்னுதான் சார் நினைச்சேன்," என்றாள்.

"உங்களாலதான் எனக்குக் கெட்ட பேரு," என்று எழுந்தார் மெக்கானிக். "வீட்டுல என்ன சொல்றதுன்னு தெரியாம இங்கே வந்து உக்காந்திருக்கேன். நல்ல மனுஷன்னு சொன்னா ஆச்சா?"

"தெரியும். உங்களை நிறுத்திட்டாங்கன்னு கேட்டதும் சொல்லிடணும்னுதான் நினைச்சேன். சொன்னா அண்ணன் கேள்வி கேக்கும், பதில் சொல்லணும், அழணும். அதுக்கெல்லாம் தெம்பு இல்லை. நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

"எதுக்கும்மா இப்படிப் பண்ணே?" என்றார் முதலாளி. "முடியலேன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் என்ன வேத்தாளா?"

"எப்படிண்ணா சொல்றது? நடுத்தெருவுல நின்னவளைக் கூட்டிட்டு வந்து சோறு போடறே. உன்கிட்டப் போய் எனக்குத் தூக்கம் வருதுன்னா கேக்க முடியும்?"

முதலாளிக்கு முகம் சுண்டிப்போனது. அவர் முதலில் மெக்கானிக்கிடம் போனார்.

"மன்னிச்சுக்குங்க. எப்பவும் போல வாங்க."

"வரேன்," என்றார் மெக்கானிக். "வராம எங்கே போக? ஆனா இனிமே வராதீங்கன்னு சொன்னீங்களே, அது மனசை விட்டுப் போக நாளாகும்." அவர் உள்ளபடியே சொன்னார். முதலாளி தலையாட்டினார்.

பிறகு தங்கையிடம் வந்தார். "நீ வீட்டுக்குப் போ. போய் நல்லாத் தூங்கு. நான் பார்த்துக்கறேன்."

அவள் நகரவில்லை. அண்ணன் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள். "வீட்டுக்குப் போனா அண்ணிக்குக் கூடமாட வேலை இருக்கும்ணா. பசங்களை உக்கார வச்சுப் படிக்க வைக்கணும். சீக்கிரம் பூட்டின அன்னைக்கும் அங்கே போய்ப் படுக்க மணி ஆயிடும். ஆனாலும் கொஞ்சம் முன்னாடி படுக்கலாம், அவ்வளவுதான். இங்கேயே ஓரமா கண்ணை மூடிக்கட்டுமா?"

முதலாளி, ஆட வருகிறவர்களுக்காகச் சுவரோரம் போட்டிருந்த பெஞ்சை இழுத்து, தன் மேல்சட்டையைச் சுருட்டி ஒரு முனையில் வைத்தார். அவள் படுத்தாள். மெஷின்கள் இன்னும் கத்திக்கொண்டிருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் போய் அணைத்தார். கடைசி வரிசையை மெக்கானிக், யாரும் கேட்காமலே, அணைத்துவிட்டார்.

சர்வேயரும் மச்சினனும் வெளியே வந்தபோது சில பேர் படியேறிக்கொண்டிருந்தார்கள். முதலாளி பனியனோடு வாசலுக்கு ஓடி வந்து குறுக்கே நின்றார்.

"மெஷின் ரிப்பேர். இன்னைக்கு இல்லை."

"எந்த மெஷினுங்க?" என்றான் முன்னால் வந்தவன்.

"எல்லாமேதான்," என்றார் முதலாளி. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."