இடப்பக்கம் கடல்

கடல் இடப்பக்கம் இருந்தது.

மோகனப்ரியா அதை முதலில் கவனிக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, உப்புக் காற்று முகத்தில் அறையக் கண்களை மூடிச் சாய்ந்திருந்தாள். கண் திறந்தபோது, அவள் ஜன்னலுக்கு நேர் கீழே, கொட்டிக் கிடந்த கருங்கற்களின் மேல் அலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் இந்தக் கரையில் பிறந்தவள். திருவொற்றியூரிலிருந்து எண்ணூருக்குப் போகிறவர்களுக்குக் கடல் வலக்கைப் பக்கம்தான்.

"இன்னாங்க, திரும்பி ராயபுரத்துக்கா போய்க்கினு கீறோம்? கடலு என் பக்கம் கீது."

"எண்ணூருக்குத்தான் போறோம். சந்து சந்தா பூந்து வந்தமில்ல, அதான் உனக்குக் கொயப்பமா கீது" என்றான் குணசேகரன்.

பழைய காராக இருந்தாலும் அவன் வாங்கிய முதல் கார்; அதில் குடும்பத்தோடு போகும் முதல் பயணம். பழவேற்காட்டில் பூநாரைகள் வந்திருக்கின்றன என்று யாரோ பெரம்பூர் ஒர்க்ஷாப்பில் சொல்லியிருந்தார்கள். மதியம் சாப்பிட்ட கையோடு வியாசர்பாடியிலிருந்து கிளம்பிவிட்டார்கள். டோல்கேட்டைத் தாண்டிக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால், கண்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அசையாமல் நின்றன. போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி உள்ளே திருப்பிவிட்டார். உள்ளே மெட்ரோ பாலத்தடியில் அதைவிட நெரிசல். அங்கிருந்து ஒரு சந்து, அதிலிருந்து இன்னொன்று. கடைசிச் சந்தில் பக்கக் கண்ணாடிகளை மடக்கித்தான் வண்டியை நுழைக்க முடிந்தது. அது முடிந்த இடத்தில் இந்தச் சாலை ஆளரவமின்றிக் கிடந்தது.

பின்சீட்டில் அவர்களுடைய ஏழு வயது மகள் மகிழினி முறுக்கு கடிக்கும் சத்தம் கேட்டது. அது மட்டும்தான் கேட்டது. லாரிகளின் ஹாரன் எங்கே போயிற்று? இந்தப் பக்கம் வந்தாலே தொண்டையைக் கரகரக்க வைக்கும் ஆலைப் புகையின் நெடி எங்கே? அதற்குப் பதிலாக ஈரக் கயிற்றின் வாடையும், கருவாடு காயும் வாடையும், சவுக்கு விறகின் புகையும் கலந்து காருக்குள் வந்தன. மூடாக்குப் போட்ட வானத்தில் சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மோகனப்ரியாவுக்கு அது சிறுவயதிலிருந்தே தெரிந்த வாடை.

"வண்டியத் திருப்புங்க."

"இன்னா ஆச்சு?"

"திருப்புங்கன்னு சொல்றேன்ல."

அவன் திருப்பினான். ஒடித்து, பின்னால் எடுத்து, மறுபடி ஒடித்து, வந்த திசையைப் பார்த்து நிறுத்தினான். அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள். இப்போதும் அவள் ஜன்னலுக்குக் கீழேயே அலை ஏறி இறங்கியது.

குணசேகரன் அதைப் பார்த்தான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் விரல் மூட்டுகள் வெளுத்தன. வண்டியை வேகமாக விட்டான்.

இப்போது கற்களுக்கு அப்பால், கடல் இருக்க வேண்டிய இடத்தில், வீடுகள் வரத் தொடங்கின. ஓலை வீடுகள், ஓட்டு வீடுகள், இடையில் ஒரு நீலச் சுவர் வீடு. எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. எல்லாச் சுவர்களிலும் ஈரம் வழிந்தது.

அந்த நீலச் சுவர் அவளுக்குத் தெரியும். அவள் சிறுமியாக இருந்தபோது, ஒரு புயல் ராத்திரியில் கடல் அவர்கள் குப்பத்துக்குள் ஏறி நான்கு வரிசை வீடுகளைக் கொண்டுபோயிற்று. மிஞ்சியவர்கள் உள்ளே தள்ளிக் குடியேறினார்கள். நீலச் சுவர் வீட்டில் அவளுடைய கன்னியம்மா அத்தை இருந்தாள். அவள் உடல்கூடக் கரை ஒதுங்கவில்லை.

கார் தானாக வேகம் குறைந்தது.

"மிதிங்க!"

"மிதிச்சிக்கினுதாம்மா கீறேன்!"

சக்கரங்கள் மணலில் சுற்றுவது போலச் சுற்றின. வண்டி நீலச் சுவருக்கு எதிரே வந்து நின்றது.

வாசலில் கன்னியம்மா குந்தியிருந்தாள். அருவாமனையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நாள்கூட மூப்படையாத முகம். அதில் சந்தோஷம் பரவியது.

"யாரு, மோகனாவா? எம்மாம் பெரிய பொண்ணாயிட்ட! வா, வா. கொயந்தய எறக்கு. அத்த வூட்ல ஒரு வாய் துண்ட்டு போ."

பேசும்போது அவள் வாயோரத்தில் தண்ணீர் வழிந்தது. நிற்காமல் வழிந்தது.

மோகனப்ரியா கண்ணாடியை ஏற்றினாள். பட்டனை அழுத்திய விரலை எடுக்கவே பயமாக இருந்தது. தெரு நெடுக ஆட்கள் வெளியே வந்தார்கள். யாருக்கும் கோபம் இல்லை. ஊருக்கு வந்த சொந்தத்தைப் பார்க்க வருகிற முகங்கள். நெருங்கி வந்தார்கள். கண்ணாடியில் உள்ளங்கைகளை வைத்தார்கள். ஊறி வெளுத்த உள்ளங்கைகள். நாலாபக்கமும்.

காது அடைத்தது.

முழுகினால் அடைக்குமே, அப்படி.

"அம்மா, இங்க பாரேன்." மகிழினியின் குரல் எங்கோ தொலைவில் கேட்டது. சிரிப்பும் கேட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முடியவில்லை. கணவனின் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது.

"இன்னாங்க."

அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

குணசேகரன் அவள் பக்கம் திரும்பினான். வாய் திறந்திருந்தது. ஏதோ கத்துகிறான். சத்தம் இல்லை. அவன் தலைமுடி மெல்ல, மொத்தமாக மேலே எழுந்தது. ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு மறுபக்கம்.

சிறு மீன் ஒன்று அவன் கண்ணெதிரே கடந்து போனது.

அவன் இமைக்கவில்லை.