கடற்கரை நடன மன்றமும் காணாமற்போன மாலையும்

2009ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று பிற்பகல் கடலூரில் ஒரு பெண்ணின் கைப்பையை, அவருடைய இசைவின்றி, ஊரார் பார்க்கத் தரையில் கொட்டினார்கள். கொட்டுவதற்கு அவர்களுக்கு எவ்வித உரிமையும் இல்லை. குறை இதுதான். எப்படி நேர்ந்தது என்பதை இனிச் சொல்கிறேன்.

அன்று காலை, சிதம்பரம் கீழவீதியில் வழக்கறிஞர் மலர்க்கொடியின் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கறுப்பு வேட்டி உடுத்த இருவர் வெறுங்காலுடன் இறங்கினர். மூத்தவர் தட்சிணாமூர்த்தி, வந்தவாசியிலிருந்து சபரிமலைக்குப் புறப்பட்ட ஒரு குழுவின் குருசாமி. மற்றவர் அக்குழுவைச் சேர்ந்த ராஜவேல். விரத காலத்தில் இரவும் பகலும் கழுத்தில் இருக்க வேண்டிய மாலை அவர் கழுத்தில் இல்லை.

"கோயிலுக்குள்ள போகச் சட்டையக் கழட்டச் சொன்னாங்கம்மா. இவரு மட்டும் கழட்டாம நிக்கிறாரு. என்னா சாமின்னு கேட்டா, மாலையக் காணோம்! தங்கப்பூண் போட்ட உருத்திராட்சம். நான் என் கையால போட்டுவிட்டது. போலீசுன்னு போனா மலைக்குப் போறது தள்ளிப்போயிடும், அதான் உங்ககிட்ட வந்தோம்" என்றார் குருசாமி.

மலர்க்கொடி நிதானமாகக் கேட்டார்: "எங்கே தொலைத்தீர்கள்?"

ராஜவேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "நேத்து ராத்திரி கடலூர் லாட்ஜுல தங்கினோம். காத்து வாங்கலாம்னு பீச்சுப் பக்கம் நடந்தேன். மாடியில ஒரு டான்ஸ் கிளப்பு. பாட்டுச் சத்தம் கேட்டுச்சு, சும்மா எட்டிப் பாத்தேன். அங்க ஆட்டம் சொல்லிக் குடுக்கிற பொம்பள கையப் புடிச்சு உள்ள இழுத்துட்டா. கூட்டத்துல இடிச்சுத் தள்ளிட்டு வெளிய வந்தா மாலை இல்ல. பிரிசில்லான்னு கூப்பிட்டாங்க. அவதான்."

"இதே உடையிலா போனீர்கள்?"

"வேற எதும்மா? விரதத்துல இருக்கேனே."

மலர்க்கொடியின் இளநிலை வழக்கறிஞனான சேரனுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. "மேடம், இது வெட்டவெளிச்சம். நேரா கடலூர் போய் அந்தப் பொண்ணப் புடிச்சா முடிஞ்சுது" என்று துடித்தான். மலர்க்கொடி எழுந்து வேனை நோக்கி நடந்தார். ராஜவேல் பின்புறம் கொப்புளித்திருந்த இரு குதிகால்களும் தரையில் படாதவாறு, நுனிக்காலால் படியிறங்கினார். சேரனும் அதைப் பார்த்தான், பார்த்ததோடு சரி.

வேனின் முகப்பில் பெருமாள் படம் ஒன்று, வாடாத கதம்பச்சரம் சுற்றியபடி இருந்தது. ஓட்டுநர் கொளஞ்சி மங்கலம்பேட்டைக்காரர், வாய் ஓயாதவர்.

"பூ தினமும் மாற்றுவீர்களா?" என்று மலர்க்கொடி கேட்டார்.

"விடியக்காலம் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடியேம்மா. இருட்டா இருந்தாலும் பழசை உருவிட்டுப் புதுசு சாத்தாம சாவியப் போடமாட்டேன்."

"உருவிய பூவை?"

"மிதிபடற எடத்துல போடலாமா? பாவமில்ல? இன்னிக்கு லாட்ஜுக்குப் பின்னால வேப்பமரத்துக் கவட்டையில வச்சேன்." அவரே தொடர்ந்தார்: "ஆனா ஒண்ணும்மா, என் வண்டியில பேய் இருக்கு. செக்கிங்குக்குப் பயந்து ஒரு ஷூவும் பேண்டும் பின்சீட்டுல வச்சிருக்கேன். அத நான் போடறதே இல்ல. இன்னிக்குப் பாத்தா ஷூ பூரா மணலு!"

"பேய்க்கு உன் சைசா மாமா?" என்று சேரன் கிண்டல் செய்தான். மலர்க்கொடி சிரிக்கவில்லை.

கடற்கரைச் சாலையில் அந்த நடன மன்றம் ஒரு மாடியில் இருந்தது. சனிக்கிழமை இரவுகளில் வெளியூர்ப் பயணிகள் ஆடுவதற்கு அது திறக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் அதே கூடத்தைப் பிரிசில்லா இரவலாகப் பெற்று, தாம் வேலை பார்க்கும் தொடக்கப்பள்ளியின் குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் விழா நடனம் பயிற்றுவித்து வந்தார். பெற்றோர் படிக்கட்டில் அமர்ந்திருந்தனர். நுழைவாயிலில் ஒரு பலகை தொங்கியது: 'வேட்டி, லுங்கி, வெறுங்காலுக்கு அனுமதி இல்லை. ஷூ கட்டாயம்.' சேரன் அதைக் கடந்து மாடியேறினான். மலர்க்கொடியோ நின்று படித்தார். பின்பு கொளஞ்சியை அழைத்துத் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லி அனுப்பினார்.

அவர் மேலே வருவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

"நேத்து இவரப் பாத்தீங்களா?" என்று சேரன் அதட்டினான்.

பிரிசில்லா ராஜவேலை உற்றுப் பார்த்தார். "பாத்தேன் சார். நல்லாவே ஆடினாரு. ஆனா பேண்டுதான் போட்டிருந்தாரு. கழுத்துல மாலையெல்லாம் இல்லீங்க."

"பொய் சொல்லாதீங்க! விரதத்துல இருக்கிறவரு பேண்ட் போடுவாரா?"

"சார், புள்ளைங்க இருக்காங்க. மெதுவாப் பேசுங்க."

சேரன் மெதுவாகப் பேசவில்லை. நாற்காலிமேல் இருந்த அவருடைய கைப்பையை எடுத்துக் கவிழ்த்தான். சீப்பு, சாப்பாட்டு டப்பா, குழந்தைகளுக்கு வாங்கிய சரிகைத்தாள், இவற்றோடு கரிய மணிகள் கோத்த மாலை ஒன்றும் விழுந்தது.

"இதோ!" என்று அதை உயரத் தூக்கிப் பிடித்தான் சேரன்.

படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு தாய், "ராத்திரியில ஆடுறவதானே!" என்று சொல்லித் தன் மகளை இழுத்துக்கொண்டு இறங்கினார். மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராகத் தத்தம் குழந்தைகளுடன் இறங்கினர். ஒருவரும் ஆசிரியையிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

"நல்லாப் பாருங்க சார்" என்றார் பிரிசில்லா. "அதுல சிலுவ தொங்குது. எங்க அம்மா சவரியம்மாளோட ஜெபமாலை. இன்னிக்கிக் காலைல பூசைக்கு எடுத்துட்டுப் போனது."

தூக்கிய கையை எப்படி இறக்குவதென்று சேரனுக்குத் தெரியவில்லை. மலர்க்கொடி கதவருகே நின்று அவனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அதுதான் அவனை மிகவும் சுட்டது.

"எல்லோரும் உட்காருங்கள்" என்றார் மலர்க்கொடி. "ராஜவேல், வெறுங்காலோடு நடப்பவனுக்கு உள்ளங்கால் வெடிக்கும், குதிகாலின் பின்புறம் கொப்புளிக்காது. அது பழகாத ஷூ கடித்த இடம். கீழே உள்ள பலகை உங்களை இந்த உடையில் உள்ளே விட்டிருக்காது. கொளஞ்சி போடாத ஷூவில் கடற்கரை மணல் நிறைந்திருக்கிறது. அவருடைய பேண்டையும் ஷூவையும் மாட்டிக்கொண்டு ஆட வந்தவர் நீங்கள். ஆகவே இந்த ஆசிரியை சொன்னது ஒவ்வொன்றும் உண்மை."

ராஜவேல் கால்களை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

"மாலையோடு ஆட உங்களுக்கு மனம் வரவில்லை. கழற்றினீர்கள். கழற்றிய மாலையைச் சட்டைப்பையிலோ, அழுக்குத் துணியிடையிலோ வைக்க விரதக்காரருக்குக் கை வராது. சாமி இருக்கும் இடத்தைத்தான் தேடும். நீங்கள் உடைமாற்றிய வேனில் அப்படிப்பட்ட இடம் ஒன்றே ஒன்று."

"பெருமாள் படம்..." என்று முனகினார் குருசாமி.

"ஆம். எவர் கண்ணிலும் படாதிருக்கப் பூச்சரத்துக்கு அடியில் இவர் மாலையைச் சுற்றினார். திரும்பி வந்தபோது கொளஞ்சி வேனின் முன்சீட்டில் படுத்திருந்தார்; பின்சீட்டில் ஷூவை வைக்க முடிந்தது, படத்திலிருந்து மாலையை எடுக்க முடியவில்லை. விடிவதற்குள் எடுத்துவிடலாமென்று நினைத்தார். கொளஞ்சி முந்திக்கொண்டார்."

மூச்சிரைக்க மாடியேறி வந்தார் கொளஞ்சி. கையில் வாடிய சாமந்திச்சரம். அதற்குள் சிக்கிக் கிடந்தது தங்கப்பூண் மாலை. "மரத்துக் கவட்டையிலயே இருந்துச்சும்மா! இருட்டுல பூவோட சேத்து உருவிட்டேன். ஏன் சாமி, ஒரு வார்த்த என்னைக் கேட்டிருக்கலாமே!"

"எப்படிடா கேப்பேன்?" ராஜவேல் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "நானே கழட்டினேன்னு தெரிஞ்சா குருசாமி என்னைப் பாதியிலேயே திருப்பி அனுப்பிருப்பாரு. ஊர்ல எம் பொண்டாட்டி முகத்துல எப்படி முழிப்பேன்? யாரோ புடுங்கிட்டாங்கன்னா வேற மாலை போட்டுவிடுவாரு. இவுங்க டான்ஸ் ஆடுறவங்கதானே, சொன்னா நம்பிடுவாங்கன்னு..."

மேலே அவரால் முடிக்க இயலவில்லை. முடிக்கவும் தேவையில்லை. அவர் கணக்கு பிசகவில்லையே! குருசாமி நம்பினார். பெற்றோர் நம்பினர். சட்டம் படித்த சேரன் எல்லோருக்கும் முன்னதாக நம்பினான்.

"இது நமக்குள்ளயே இருக்கட்டும்மா" என்றார் குருசாமி தணிந்த குரலில். "வெளிய தெரிஞ்சா எங்க குழுவுக்கே அசிங்கம்."

"பழியை நமக்குள்ளேயா சொன்னீர்கள்?" என்றார் மலர்க்கொடி. "வாசலில் நின்று சொல்லுங்கள். உரக்க."

ராஜவேல் எழுந்துபோய்ப் படிக்கட்டின் தலைப்பில் நின்றார். "இவுங்க எதுவும் எடுக்கல. நான்தான் பொய் சொன்னேன்" என்று கத்தினார். படிக்கட்டு காலியாக இருந்தது. கீழே சாலையில் ஒரு பட்டாணிச் சுண்டல் வண்டிக்காரர் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் அடுப்பை விசிறலானார்.

சேரன் தரையில் மண்டியிட்டுச் சரிகைத்தாள்களைப் பொறுக்கத் தொடங்கினான். "மன்னிச்சிடுங்க" என்ற சொல் அவனுக்கே கேட்கவில்லை.

"விடுங்க சார், நானே எடுத்துக்கறேன்" என்றார் பிரிசில்லா. "நாளைக்குப் பள்ளிக்கூடத்துல என்னை வரச் சொல்லுவாங்களா, மாட்டாங்களா? அத மட்டும் யாராச்சும் சொல்லுங்க."

மலர்க்கொடியும் சேரனும் மறுநாள் அந்தப் பள்ளிக்குச் சென்றனர். நிருவாகி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா பேரண்ட்ஸ் பேசிக்கிறாங்களே, நான் என்ன பண்ணட்டும்?" என்று கைகளை விரித்தார். பழி ஒரே பிற்பகலில் ஊரெங்கும் பரவிவிட்டது. உண்மையோ அந்த நிருவாகியின் மேசையைத் தாண்டவில்லை. அதன்பின் சேரன் ஒவ்வொரு மாலையும் பெற்றோர் வீடுகளைத் தேடிப்போய், 'பையைக் கவிழ்த்தவன் நான்தான்' என்று வாசலில் நின்று சொன்னான். பாதிப்பேர் கதவைத் திறக்கவில்லை.

இதைப் படிக்கும் உங்களை ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண் இரவில் ஆட்டம் கற்பிப்பவர் என்று அறிந்த கணத்தில் உங்கள் மனம் யாரைச் சுட்டியது? நடுங்காமல் விடை சொல்லுங்கள். சொன்னபின் எழுந்து செல்லுங்கள். ஒருவர்மேல் சுமத்தப்பட்ட பழியைக் கேட்டு, யாரிடமேனும் நீங்கள் திருப்பிச் சொல்லியிருப்பீர்கள். அது பொய்யென்று பின்னர்த் தெரிந்தும் வாளாவிருந்திருப்பீர்கள். பழியை எவரெவரிடம் சொன்னீர்களோ அவரவர் வீட்டுக்குச் சென்று, அது பொய் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். கதவைத் திறக்காவிட்டால், திறக்கும்வரை தட்டுங்கள்.